அரை ஷிப்டு

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளை, ஆஷா என்ற பதினெட்டு வயது மாணவியின் கல்விக் கடன் விண்ணப்பத்தை ஏற்காமல் திருப்பிக் கொடுத்தது. அவளுடைய அண்ணன் ஜெபக்குமாரின் கல்விக் கடனில் நான்கு தவணைகள் கட்டப்படாமல் இருந்தன. இரண்டு கடனுக்கும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டிய ஆள் ஒருவர்தான். அவர்களுடைய அப்பா சகாயராஜ்.

மேலாளர் கடுமையாகப் பேசவில்லை. கணினித் திரையை எதிரே உட்கார்ந்திருந்த அப்பா, மகள் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினார்.

"ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. நாலும் நிக்குது பாருங்க. வட்டி எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரம். அதைக் கட்டிட்டு வாங்க. அன்னைக்கே இந்தப் பாப்பாவோட ஃபைல எடுக்கிறேன்."

"சார், பதினாறாந்தேதிக்குள்ள காலேஜ்ல பணம் கட்டிச் சேரணும்" என்றாள் ஆஷா. "இல்லாட்டி சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"பதினஞ்சு சுதந்திர தினம், பேங்க் லீவு. அதையும் ஞாபகம் வெச்சுக்கம்மா."

கலந்தாய்வில் அவளுக்குக் கிடைத்திருந்தது கோயம்புத்தூரில் பெயருள்ள ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவு. வீட்டின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகையை அண்ணன் ஏற்கெனவே வாங்கிவிட்டான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் போகலாம் என்றால், அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. வங்கிக் கடன் ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

வெளியே வந்ததும் சகாயராஜ் வங்கியைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அவங் கையில காசு இருக்குட்டி. வச்சுக்கிட்டே கட்டாம இருக்கான்."

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் சம்பளத்தை யாரும் மாதக் கணக்கில் சொல்வதில்லை. ஷிப்டுக் கணக்கில் சொல்வார்கள். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்டு. ஒன்பது மணி வரை இருந்தால் ஒன்றரை. சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி கைக்கு வரும்போது எத்தனை ஷிப்டு, எத்தனை அரை ஷிப்டு என்று எண்ணித்தான் வாங்குவார்கள். ஒன்று குறைந்தால் அங்கேயே நின்று கேட்பார்கள். கேட்பதில் வெட்கம் கிடையாது, முதலாளியும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வாடகையும் அரிசியும் ஷிப்டில் போகும். சீட்டுப் பணம், பள்ளிக்கூடச் செலவு, கிறிஸ்துமஸ் துணி, ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட், எல்லாம் அரை ஷிப்டு.

சகாயராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஈஸ்வரமூர்த்தி என்பவரின் ஜாப் ஒர்க் யூனிட்டில், பிளாட்லாக் மெஷினில் உட்கார்ந்து பனியன்களுக்கு அடி மடித்துத் தைக்கிறார். இத்தனை வருடத்தில் அரை ஷிப்டு இல்லாத சம்பளம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

2018இல் ஜெபக்குமாரை இஞ்சினியரிங் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது யூனிட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் படித்து முடித்ததும் பதினெட்டாயிரம் சம்பளம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாதத் தவணை ஒன்பதாயிரத்தை ஒட்டி வரும் என்று வங்கியில் சொன்னார்கள். பதினெட்டில் ஒன்பது போனால் மிச்சம் ஒன்பது. வேண்டாம் என்றுதான் சகாயராஜ் முதலில் நினைத்தார். பக்கத்து மெஷின்காரன் முனீஸ்தான் கணக்கைத் திருத்தினான்.

"என்னண்ணே, பதினெட்டாயிரம் வெறும் ஷிப்டுக் காசுதானண்ணே? இருபத்தாறு நாளால வகுங்க. எழுநூறுக்குப் பக்கம் வருது. அப்ப அரை ஷிப்டு முந்நூத்தம்பது. அதச் சேத்தீங்களா?"

கட்டிங் மாஸ்டர் லிங்கசாமியும் ஆமோதித்தார். "இஞ்சினியருக்கு அரை ஷிப்டு கட்டாயம் இருக்குமுங்க. மெஷினு ஓடற வரைக்கும் அவுங்கதான நிக்கோணும்? நாயித்துக்கெழம மெயின்டனன்சும் அவுங்கதான்."

அரை ஷிப்டில் ஒன்பதாயிரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் முப்பதாயிரம். டம்ளரை வைத்துவிட்டு சகாயராஜ் அந்த வாரமே வங்கிக்குப் போனார். டீக்கடையில் இருந்த ஒருவரும் கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கூலியெல்லாம் அந்த மாதிரிக் கூலிதான்.

ஜெபக்குமார் 2022இல் மெக்கானிக்கல் முடித்தான். ஒரு வருடத்துக்கு மேல் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தான். கைக்கு வருவது பதினாலாயிரத்து எண்ணூறு. பதினெட்டு இல்லையே என்று சகாயராஜ் கொஞ்சம் வருத்தப்பட்டார்; ஆனால் பையன் காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வெளியே வருகிறான் என்று கேட்டதும் சமாதானமாகிவிட்டார். அப்படியென்றால் தினமும் ஒன்றரை. பதினோரு மாதத்துக்கு அரை ஷிப்டுக் காசு மட்டும் எண்பதாயிரம் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண்பதாயிரம் வீட்டுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மகன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் பார்த்துப் போன் போட்டார். கம்பெனிக்குள் போகும்போதே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

"ஏல, பேங்குல நாலு மாசமா கட்டலையாம. தங்கச்சிக்கு லோன் இல்லன்னுட்டான்."

ஜெபக்குமாரின் குரலுக்குப் பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

"கட்ட முடியலப்பா."

"ஏன் முடியல? நேத்து எத்தன மணிக்கு வந்த?"

"ஒம்பதாச்சு ரூமுக்கு வர."

"அப்பம் ஒன்றர ஷிப்டு. முந்தாநாளு?"

"அதே மாதிரிதான். அப்பா, இங்க அரை ஷிப்டெல்லாம் கெடையாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"நிக்கது மட்டும் உண்டு, காசு கெடையாதோ? யாருக்குல காது குத்துத?"

"பஸ்சு வந்துருச்சுப்பா."

போனை வைத்ததும் அம்மா மரியபுஷ்பம் அடுப்படியிலிருந்து கேட்டாள். "எவளும் கூட இருக்காளோ என்னமோ. செலவு வேற எங்க போவும்?"

"அம்மா!" என்றாள் ஆஷா. "அண்ணன் பொய் சொல்றவன் இல்ல. ஆபீஸ் வேலைக்கு ஓவர்டைம் தர மாட்டாங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ எந்த ஆபீசுல இருந்த?" என்றார் சகாயராஜ்.

யூனிட்டில் முனீஸ் அன்று முழுக்க விடவில்லை. "உங்க மகன் கெட்டிக்காரன்ணே. ஷிப்டக் காட்டிட்டு அரை ஷிப்ட முழுங்கிட்டான். அடுத்த வருசம் புல்லட்ல வந்து எறங்குவான் பாருங்க. நீங்க இன்னும் டி.வி.எஸ்.ல ஸ்பார்க் பிளக்கத் தொடச்சிட்டு இருப்பீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சகாயராஜ் சிரிக்கவில்லை. மத்தியானம் ஈஸ்வரமூர்த்தியிடம் போய் முன்பணம் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி வேறு யோசனையில் இருந்தார். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது, தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு ஆள் போதவில்லை.

"பணம் திங்கக்கெழம பாக்கலாமுங்க, பார்ட்டிகிட்ட இருந்து செக்கு வரோணும். ஏனுங்க சகாயராஜு, பையன் வாங்கிட்டு இல்லீங்கறானா, கம்பெனிக்காரன் குடுக்காம இல்லீங்கறானா? அத மொதல்ல கண்டுபுடியுங்கோ."

"எப்படிங்க கண்டுபிடிக்க?"

"நேர்ல போயி மொதலாளியப் பாருங்கோ. இங்க நம்ம ஆளுக வந்து கேக்கறதில்லீங்களா? கேக்காம எவன் குடுப்பான்? சின்னப் பையன், கேக்கக் கூச்சப்பட்டுட்டு இருப்பானாட்ட இருக்குது."

சனிக்கிழமை விடியற்காலையில் சகாயராஜ் சேலம் பஸ் ஏறினார். வாரக் கூலியை வாங்கி வைக்கும்படி முனீஸிடம் சொல்லியிருந்தார். சேலத்தில் மாறி ஓசூரில் இறங்கும்போது பதினொன்றரை.

கம்பெனி வாசலில் காவலாளி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், வயதானவர். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றதும் மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க மொதலாளின்னு யாரும் இல்லய்யா. அவுங்க புனாவுல இருக்காங்க. யாரு வேணும் உனக்கு?"

"சம்பளம் போடுதவரு யாரோ அவரு வேணும். எம் மவன் அரை ஷிப்டுக் காசு வரணும்."

காவலாளி உள்ளே போன் செய்தார். அரை மணி நேரம் கழித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞர் வந்தார். மனிதவளப் பிரிவு. மரியாதையாகவே பேசினார், ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. வாசல் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"உங்க பையன் ஸ்டாஃப் சார். ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது. சேரும்போதே சொல்லித்தான் சேர்த்தோம்."

"எட்டுலருந்து எட்டு நிக்கான். பன்னெண்டு மணி நேரம். அது ஒன்றர ஷிப்டுல்லா?"

"வேலை முடியற வரைக்கும் இருக்கறது அவங்க பொறுப்பு சார். மணி பார்த்து வேலை செய்யறது ஒர்க்கர்ஸ்தான்."

"அப்பம் ஒர்க்கருக்கு உண்டா?"

"ஆபரேட்டர்ஸுக்கு உண்டு."

"எம்புட்டு வரும்?"

இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காவலாளிதான் சொன்னார். "ஐ.டி.ஐ. பசங்க இருபத்திரண்டு வரைக்கும் வாங்குறாங்கய்யா. ஓ.டி.யோட."

சகாயராஜ் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எம் மவன்கிட்ட வேல பாக்கவனுக்கு இருபத்திரண்டு. எம் மவனுக்குப் பதினாலே முக்கால்."

"அப்படிப் பார்க்கக்கூடாது சார். அவங்களுக்கு வளர்ச்சி கிடையாது. இவங்களுக்கு இருக்கு."

"சரி, அவனையும் ஆபரேட்டராப் போடுங்க."

"டிகிரி படிச்சவங்கள ஆபரேட்டரா எடுக்கறதில்ல சார். அது ரூல்."

"டிகிரிய நாங்க மறைச்சுட்டா?"

காவலாளி சிரித்துவிட்டார். இளைஞர் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு வெள்ளைக் கார் உள்ளே போவதற்காக ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். சகாயராஜ் நகரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் யூனிட்டில் பேசும் அதே குரலில், அதாவது முப்பது மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரலில், சொன்னார்:

"பதினோரு மாசத்து அரை ஷிப்டு. எண்பதாயிரம் வருது. முழுசும் வேண்டாம். பாதி குடுங்க, பொம்பளப் பிள்ளைக்குக் காலேஜ் கட்டணும்."

"சார், சத்தம் போடாதீங்க. கஸ்டமர் வராங்க." இளைஞர் அவரை ஓரமாக நகர்த்தினார். "பையன் பேரு முழுசாச் சொல்லுங்க. எந்த செக்‌ஷன்?"

சகாயராஜ் சொன்னார். காசு வரப்போகிறது என்று நினைத்து, பிறந்த தேதியையும் சேர்த்துச் சொன்னார். இளைஞர் போனில் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜெபக்குமார் இருபது நிமிட அனுமதி வாங்கி வெளியே வந்தான். நீலச் சட்டை, இரும்பு முனை வைத்த ஷூ. இருவரும் வாசலுக்கு எதிரே இருந்த தள்ளுவண்டிக் கடைக்குப் போனார்கள். அவன் உட்காரவில்லை.

"ஏன்ப்பா வந்தீங்க?"

"காசு கேக்கத்தான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேம்லா. இல்லன்ன."

"இல்லாததாலதான் இல்லன்னேன்."

டீ வந்தது. அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆறாயிரத்து ஐந்நூறு. மிச்சம் எட்டாயிரத்து முந்நூறு. போன், துணி, மருந்து, ஊருக்கு வந்துபோகும் செலவு என்று அதிலும் மூவாயிரத்து ஐந்நூறு போய்விடும். தவணை எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. முதல் ஏழு மாதம் அறையில் இருப்பவர்களிடம் கைமாற்று வாங்கிக் கட்டினான். அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு தவணை நின்றுவிட்டது.

"அப்புறம் எதுக்குல எட்டு மணி வரைக்கும் நிக்க? அஞ்சரைக்கு வந்துர வேண்டியதுதான?"

"அஞ்சரைக்கு வந்தா கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க. அப்புறம், ஏழு மணிக்கு இருக்கறவங்களுக்கு டிபன் தர்றாங்க. ராத்திரி சாப்பாட்டுச் செலவு மிச்சம்."

"என்ன டிபன்?"

"உப்புமா. சில நாள் பொங்கல்."

சகாயராஜ் மகனின் முகத்தைப் பார்த்தார். "அரை ஷிப்டுக்கு உப்புமாவால?"

ஜெபக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தான்.

"இந்த மாசக் கடைசியில டிரெய்னிங் முடியுது. கன்ஃபர்ம் ஆனா இருபத்திரண்டாயிரம். அப்புறம் மாசாமாசம் கட்டிருவேன். எப்படியாவது இந்த நாலையும் பெரட்டிக் கட்டுங்கப்பா. ஆஷாவச் சேத்துருங்க. அவ காலேஜ் வேற. நான் படிச்ச மாதிரி இடம் இல்ல."

"நீ படிக்கப் போம்போதும் எல்லாம் அப்படித்தாஞ் சொன்னாவ" என்றார் சகாயராஜ்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு, வீட்டில் மூன்று பேரும் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தைத்து முடிந்த பனியன்களில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்திரியால் நறுக்கும் வேலை. மரியபுஷ்பம் பீஸ் கணக்கில் வாங்கி வந்து செய்வது. அந்த மூட்டை அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

சகாயராஜ் ஓசூரில் நடந்ததை முழுதும் சொன்னார். மகன்மேல் சந்தேகப்பட்டது தப்பு என்றும் சொன்னார். மரியபுஷ்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பாவி மக நான். எவளும் இருப்பாளோன்னு சொன்னேனே. வயித்துக்குப் பத்தாமக் கெடந்துருக்கான்."

"சரிப்பா, அண்ணன்கிட்ட காசு இல்ல. நாளைக்கு உங்க மொதலாளி குடுப்பாருல்ல?" என்றாள் ஆஷா.

"குடுப்பாரு."

"அப்ப செவ்வாக்கெழம பேங்க்குக்குப் போயிரலாம்."

அவர் ஒரு பனியனை முடித்து அடுத்ததை எடுத்தார். "ஒனக்கும் நாலு லட்சம். படிச்சு முடிக்கையில அஞ்சே கால். அதே ஒம்பதாயிரம். இல்லியா?"

"ஆமா."

"வேல கெடச்சா எம்புட்டு?"

"என் காலேஜ்ல போன வருசம் குறைஞ்ச சம்பளமே மாசம் முப்பதாயிரம்ப்பா. அண்ணன் காலேஜுக்குக் கம்பெனியே வராது. இங்க வரிசையா வர்றாங்க."

"அவங் காலேஜுலயும் பதினெட்டுன்னாவ."

"அது நோட்டீஸ்ல சும்மா போட்டது."

"இது எதுல போட்டிருக்கு?"

ஆஷா கத்திரியை நிறுத்தினாள். "வெப்சைட்ல."

மரியபுஷ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அரை ஷிப்டு உண்டா?" என்று கேட்டார் சகாயராஜ்.

"அப்பா, அண்ணனுக்குப் போட்ட அதே கணக்க எனக்கு ஏன் போடுறீங்க? முப்பதாயிரம் வந்தா அரை ஷிப்டு எதுக்கு?"

"உண்டா இல்லியா?"

"இல்ல."

"ஞாயித்துக்கெழம போனா?"

"அதுக்கும் இல்ல. போகவே வேண்டாம், லீவு."

"அப்பம் ஒரு மாசம் பண மொடை வந்தா எங்க போய் நிப்ப? இங்க ரெண்டு அரை ஷிப்டு கூடப் பாத்தா செரியாயிரும். அங்க என்ன செய்வ? உப்புமா திம்பியா?"

"ஏங்க, கையெழுத்தப் போடுங்க" என்றாள் மரியபுஷ்பம். "பிள்ள அம்புட்டு மார்க்கு எடுத்துருக்கு. கடன் எல்லாருந்தான் வாங்குதாவ."

சகாயராஜ் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதனால் ஆஷா அன்று சாயங்காலம் விடுதிக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களை எடுத்துத் தனியாக வைத்தாள்: வாளி, குவளை, இரண்டு போர்வை. போர்வை இரண்டும் ஏற்றுமதியில் தள்ளுபடியான துணியில் அம்மா தைத்தது.

திங்கட்கிழமை ஈஸ்வரமூர்த்தி முப்பத்தையாயிரம் கொடுத்தார். இதுவரை அவ்வளவு பெரிய முன்பணம் அந்த யூனிட்டில் யாருக்கும் கொடுத்ததில்லை.

"வாரம் ஆயிரம் புடிச்சுக்கறனுங்க. வட்டி கிட்டி வேண்டாம். புள்ளய நல்லாப் படிக்க வெய்யுங்கோ. நாமெல்லாம் நூலும் பிசிறுந்தான் பாத்தோம்."

செவ்வாய்க்கிழமை காலை வங்கி திறந்ததும் அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். ஜெபக்குமாரின் கணக்கில் முப்பத்தாறாயிரம் கட்டினார்கள். மேலாளர் ரசீதைப் பார்த்துவிட்டுச் சொன்னபடியே ஆஷாவின் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"நல்ல காலேஜும்மா. நானே விசாரிச்சேன்." பேனாவைச் சகாயராஜ் பக்கம் நீட்டினார். "இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ரெண்டு. நாளைக்கே காலேஜுக்குப் பணம் அனுப்பிடலாம்."

சகாயராஜ் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க டிகிரிதான?"

"ஆமா. எம்.எஸ்சி. அக்ரி."

"சாயங்காலம் எத்தன மணிக்குப் போவீங்க?"

மேலாளர் சிரித்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பேரு அஞ்சு மணி. எட்டுக்கு முன்னாடி நான் கிளம்பி நீங்க பார்க்க முடியாது. மாசக் கடைசின்னா ஒம்பது, ஒம்பதரை."

"அதுக்குத் தனியா உண்டா? அரை ஷிப்டு மாதிரி?"

"எங்களுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! ஒத்த ரூபா கிடையாது. ஆபீசர்னு பேரு வெச்சுட்டா அவ்வளவுதான், கொத்தடிமை. உங்க பனியன் கம்பெனியே தேவலை." பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஆஷா அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். "அப்பா, சாருக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "அதையும் கேளுங்கப்பா."

ஒரு மேலாளரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது சகாயராஜுக்கு மரியாதையாகப் படவில்லை. கேட்கவில்லை. மேலாளர் ஒரு போனை எடுத்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

சகாயராஜ் பேனாவை விண்ணப்பத்தின் மேல் வைத்தார்.

"வேண்டாம் சார். ஒரு கடன் போதும்."

மேலாளர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "என்னங்க திடீர்னு? கட்டிட்டீங்கல்ல? இனிமே தடை ஒண்ணும் இல்லையே."

"அவன் கடன கட்டியாச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

"அவசரப்படாதீங்க. பதினாறு வரைக்கும் டைம் இருக்கு. வீட்ல பேசிட்டு வாங்க."

ஆஷா நாற்காலியை விட்டு எழவில்லை. விண்ணப்பத்தில் அவள் போட வேண்டிய இடங்களில் எல்லாம் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. சகாயராஜ் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, வா. எட்டரைக்குப் போயிருக்கணும். அரை நாள் போச்சு."

புதன்கிழமை மரியபுஷ்பம் சாப்பிடவில்லை. ஜெபக்குமார் இரண்டு முறை போன் செய்தான்; சகாயராஜ் எடுக்கவில்லை. வியாழக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 16, மாலை ஐந்து மணிக்குக் கல்லூரியில் சேர்க்கை முடிந்தது. ஆஷாவின் இடம் காலியிடமாக அறிவிக்கப்பட்டு அடுத்த சுற்றுக்குப் போனது.

ஆகஸ்ட் 22 அன்று ஓசூர் கம்பெனி ஜெபக்குமாரின் பயிற்சிக் காலத்தை அதே ஊதியத்தில் இன்னும் ஆறு மாதம் நீட்டித்தது. காரணம் சொல்லவில்லை.

ஆஷா ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, ஈஸ்வரமூர்த்தியின் யூனிட்டில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள். ஷிப்டுக்கு முந்நூற்று எண்பது ரூபாய். அந்த வாரம் ஆறு ஷிப்டும் நான்கு அரை ஷிப்டும் பார்த்தாள். சனிக்கிழமை அவள் கூலி மூவாயிரத்து நாற்பது ரூபாய் வந்தது. அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.